மரத்திற்கும் வைத்தியர் உண்டு

தோட்ட மண்டபக் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மரம். விடியற்காலையில் பிரட்டு முடிந்து நிரைக்குள் இறங்கும் நீங்கள், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைத் தொட்டுப் பார்ப்பவர்கள். உங்களிடம் மரத்தைப் பற்றிப் பேச வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆயினும், நீங்கள் பால் சீவும் மரத்தைப் பற்றியன்று, உங்கள் தலைக்கு மேல் நிழல் தரும் மரத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நமது தோட்டங்களில் லயத்து ஓரத்திலும், கோயில் வாசலிலும், பள்ளித் திடலிலும் பெருமரங்கள் நிற்கின்றன. தூங்குமூஞ்சி, அங்சானா, மா, பலா, அரசு எனப் பலவகை. அவற்றுள் சில, நம் பாட்டன்மார் காலத்தில் நடப்பட்டவை. அவற்றின் நிழலில் திருவிழா நடந்தது, பிள்ளைகள் விளையாடினர். அதே மரம் ஒருநாள் காற்றில் கிளை முறிந்து கூரையின்மீது விழும்போதுதான் நாம் அதை நிமிர்ந்து பார்க்கிறோம். மேற்குக் கரையில் வாழும் நீங்கள் சுமத்ரா எனப்படும் சூறைக்காற்றை அறிவீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடிவதற்கு முன்னரே, எதிர்பாராமல் வந்து அடித்துவிட்டுப் போகும் காற்று அது.

இவ்வாபத்து தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. 2017 பிப்ரவரி 11 ஆம் நாள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், 270 ஆண்டுக்கு மேற்பட்டதென மதிக்கப்பட்ட தெம்புசு மரமொன்று வேரோடு சாய்ந்தது. ஒரு பெண்மணி உயிரிழந்தார். 2024 மே 7 ஆம் நாள் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெருமரமொன்று விழுந்து ஒருவர் மாண்டார்; 17 வாகனங்கள் சேதமுற்றன. சிங்கப்பூர் மரம் அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த சோதனையில் நலமாக இருப்பதாகவே காணப்பட்டது. வேர்ப்பகுதி உளுத்திருந்தது பின்னரே தெரியவந்தது.

அப்படியானால் மரங்களையெல்லாம் வெட்டிவிடலாமா? வேண்டியதில்லை. நோய் கண்ட மனிதரை வைத்தியரிடம் காட்டுவதுபோல, மரத்தையும் காட்டுவதற்கு ஒரு வைத்தியர் இருக்கிறார். ஆங்கிலத்தில் அவரை ட்ரீ சர்ஜன் என்பார்கள். இக்காலத்தில் அர்போரிஸ்ட் என்னும் பெயரே அதிகம் வழங்குகிறது. நாம் அவரை மர வைத்தியர் என்றே அழைப்போம். அவருடைய கருவிகள் யாவை, அன்றாடப் பணி எத்தகையது, அவரிடமிருந்து நாம் கற்கவேண்டியது என்ன என்பனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உளி கற்றுத் தந்த பாடம்

மர வைத்தியத்தின் முதற்பாடம் உங்களுக்குப் புதியதன்று. பட்டைக்கும் உள்ளிருக்கும் கட்டைக்கும் நடுவில், கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. பாடநூல்களில் அதை வளர்படலம் என்பர். வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உட்பக்கம் புதுக் கட்டையையும் உண்டாக்குவது அதுவே. தேர்ந்த தொழிலாளி தம் உளியை அப்படலத்தைத் தொடாமல் நிறுத்துகிறார். தொடாவிட்டால் சீவிய இடத்தில் மீண்டும் வழவழப்பான பட்டை வளர்கிறது. சில ஆண்டுகளுக்குப்பின் அதே இடத்தில் மறுபடியும் சீவலாம். உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகி, பின்னர் உளிக்கு இடங்கொடுப்பதில்லை.

இந்நுட்பத்தை நமக்கு வகுத்தளித்தவர், 1888 இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பார். அதற்கு முன் பிரேசில் நாட்டுக் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். கொத்திய காயங்கள் கட்டைவரை சென்று மரத்தைப் பழுதாக்கின. ரிட்லியோ, முன்பு சீவிய வாயையே மெல்லியதாக மறுபடியும் சீவும் முறையைக் கண்டார். மரம் பிழைத்தது, தொழிலும் நிலைத்தது. எங்கு வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் உங்கள் கை நாள்தோறும் விடை கூறுகிறது. மர வைத்தியர் கேட்டுக்கொள்வதும் இம்மூன்று கேள்விகளையே.

மரம் காயத்தை எவ்வாறு அடைக்கிறது?

நம் கையில் வெட்டுக்காயம் பட்டால், பழுதான சதை நீங்கி அதே இடத்தில் புதுச்சதை வளர்கிறது. மரத்திற்கு இவ்வாற்றல் இல்லை. ஒருமுறை பழுதான கட்டை, அம்மரம் உள்ளளவும் உள்ளே பழுதாகவே இருக்கும். மரம் செய்வது யாதெனில், பழுதைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பிவிட்டு, அதன்மேல் புதுக்கட்டையை வளர்த்து மூடுவதே. காட்டில் தீப்பற்றினால், அது பரவாதிருக்கச் சுற்றிலும் செடி கொடிகளை வெட்டி வெளியாக்குவார்கள் அல்லவா? எரிந்தது எரிந்ததுதான், எஞ்சியதைக் காப்பதே நோக்கம்.

இவ்வுண்மையைத் தெளிவாக்கியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. அவர் ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி வாளால் நெடுக்குவாட்டில் பிளந்து, பழைய காயங்கள் உள்ளே எப்படிப் பரவின, எங்கே நின்றன என்று ஆராய்ந்தார். 1977 இல் வெளியான அவரது நூல், மரம் எழுப்பும் தடுப்பு நான்கு வகை என்று விளக்கியது. மேலும் கீழும் பரவாமல் தடுப்பது ஒன்று; உள்நோக்கிப் பரவாமல் தடுப்பது ஒன்று; பக்கவாட்டில் பரவாமல் தடுப்பது ஒன்று; காயத்திற்குப்பின் வளரும் புதுக்கட்டைக்குள் புகாமல் தடுப்பது நான்காவது. இவற்றுள் நான்காவதே மிக வலியது. ஆகவேதான் உள்ளே பொந்து விழுந்த மரமும் பல்லாண்டு பசுமையாக நிற்கிறது.

இதனால் பழைய வழக்கங்கள் சில கைவிடப்பட்டன. மர வைத்தியத்தை ஒரு தொழிலாக நிலைநாட்டியவர்களுள் முதல்வர் ஜான் டேவி. இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதை ஒட்டியே எழுதப் படிக்கக் கற்று, அமெரிக்கா சென்று 1901 இல் மர வைத்தியம் பற்றி நூலொன்று வெளியிட்டவர் அவர். அந்நாளில் மரப்பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்டு அடைத்தார்கள். வெட்டுவாயில் தாரும் சாயமும் பூசினார்கள். இன்று இவற்றைச் செய்வதில்லை. பொந்தைச் சுரண்டினால், மரம் பாடுபட்டு எழுப்பிய தடுப்பு உடைகிறது. சிமெண்டு வளையாது, காற்றில் ஆடும் மரமோ வளையும். இரண்டும் ஒன்றோடொன்று உராய்ந்து பழுது பெரிதாகிறது. தார் பூசினால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணத்துக்கு வசதியாகிறது. நம் கோயில் மரங்களில் சிமெண்டு அடைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. அன்பினால் செய்யும் செயலே எனினும், அது மரத்திற்கு நன்மை தருவதன்று.

முதலில் பார்வை

மர வைத்தியரின் வேலைநாள் வாளுடன் தொடங்குவதில்லை. அவர் முதலில் மரத்தைச் சுற்றி நடக்கிறார். அடியிலிருந்து நுனிவரை பார்க்கிறார். அப்போது அவர் கையிலிருப்பவை மிக எளியவை: ஒரு மரச்சுத்தி, ஒரு மெல்லிய இரும்புக் கம்பி, ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு.

முதலாவதாக வேரும் அடிமரமும். மண் ஒரு பக்கம் புதிதாக வெடித்து மேலெழுந்திருந்தால் மரம் சாயத் தொடங்கியது எனலாம். அடியில் விசிறிபோல் கடினமான காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை அழுகுகிறது என்பது பொருள். இரப்பர் மரத்தின் வெள்ளை வேர் நோயை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேரின்மேல் வெண்ணிற இழைகள் ஒட்டிப் படர்ந்து, பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டு அதையும் பற்றிக்கொள்ளும். இலை மஞ்சளாகும்போதும், அடியில் செம்மஞ்சள் நிறக் காளான் தோன்றும்போதும் வேர் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். நிழல் மரங்களுக்கும் இத்தகைய வேர் நோய்கள் உண்டு.

இரண்டாவதாகத் தண்டு. சுத்தியால் தட்டினால் கெட்டியான கட்டை ஒருவிதமாகவும் பொந்து வேறுவிதமாகவும் ஒலிக்கும். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் தாய்மார்களுக்கு இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை. துளை இருந்தால் கம்பியை விட்டு ஆழம் பார்க்கிறார். ஐயம் தீராதபோது, ஒலி தண்டினூடே செல்லும் வேகத்தை அளந்து உட்புறத்தைப் படமாகக் காட்டும் கருவிகளும் இன்று உள்ளன.

மூன்றாவதாகக் கவட்டை. இரண்டு கிளைகள் அகன்று பிரிந்தால் அது பலமான கவட்டை. நெருங்கி ஒட்டி மேலெழுந்தால், நடுவில் பட்டை அகப்பட்டுக்கொள்கிறது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும் அங்குக் கட்டையும் கட்டையும் சேர்வதில்லை. பெருங்காற்றில் அவ்விடமே பிளக்கும். புயலுக்கு மறுநாள் நிரைகளில் இரண்டாகப் பிளந்து கிடக்கும் இரப்பர் மரங்களைக் கவனித்தால் இதன் உண்மை தெரியும்.

நான்காவதாக உச்சி. காய்ந்த கிளைகள், இலை குறைந்த பக்கம், முறிந்தும் விழாமல் தொங்கும் கொம்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார். அத்துடன், இம்மரம் விழுந்தால் யார்மீது விழும் என்றும் பார்க்கிறார். ஆளில்லாக் காட்டோரத்தில் நிற்கும் பழுதான மரத்துக்கும், பாலர் பள்ளியின்மேல் சாய்ந்து நிற்கும் பழுதான மரத்துக்கும் ஒரே தீர்ப்புக் கூற இயலாது.

வைத்தியரின் கருவிகள்

பார்வை முடிந்த பின்னரே கருவிப் பை திறக்கப்படுகிறது.

விரலளவு கொம்புகளுக்குக் கைக்கத்தரி. அதனினும் பெரியவற்றுக்கு வளைந்த கைவாள். இவ்வாளின் பற்கள் தன்பக்கம் இழுக்கும்போது அறுக்கும்படி அமைந்தவை; உயரத்தில் நின்று வேலை செய்பவருக்கு இழுப்பது எளிது, தள்ளுவது கடினம். எட்டாத கிளைகளுக்கு நீண்ட கழியின் முனையில் பொருத்திய வாள்.

நம் வீடுதோறும் உள்ள பாராங்கை அவர் ஏன் பயன்படுத்துவதில்லை? பாராங் வெட்டும்போது கட்டையைச் சிதைக்கிறது, பட்டையைக் கிழிக்கிறது, ஓங்கிய கை தவறினால் எங்கே படும் என்று கூற இயலாது. வாள் அறுத்த வாய் வழவழப்பாக இருப்பதால் புதுப்பட்டை அதன்மேல் ஒழுங்காகப் படர்கிறது. புதர் வெட்டப் பாராங் சிறந்தது. வைத்தியத்திற்கு அது பொருந்தாது.

பெருங்கிளைகளுக்குச் செயின்சோ என்று நாம் அழைக்கும் சங்கிலி வாள். விரைவாக அறுப்பதும் அதுவே. விரைவாக ஊனமாக்குவதும் அதுவே. ஓடும் சங்கிலியின் நுனி மேற்பகுதி கட்டையில் பட்டால், வாள் கண் இமைக்கும் நேரத்தில் பின்னால் எகிறி முகத்தை நோக்கி வரும். ஆதலால் அதை எப்போதும் இரு கைகளாலும் பிடிக்கவேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தலாகாது. ஏணியில் நின்று இயக்கலாகாது. எகிறும்போது சங்கிலியை நிறுத்தும் தடுப்பு சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்கவேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, காதுமூடி, கெட்டியான காலணி ஆகியவற்றுடன், இதற்கென நெய்த காற்சட்டையும் உண்டு. சங்கிலி பட்டவுடன் அதன் உள்ளிழைகள் வெளிவந்து பற்சக்கரத்தில் சிக்கி ஓட்டத்தை நிறுத்திவிடும். சாதாரணக் காற்சட்டைக்கு அந்த ஆற்றல் இல்லை.

உளியைத் தீட்டாமல் நிரைக்குள் இறங்குபவர் உங்களில் எவருமில்லை. மர வைத்தியரும் மாலையில் வாளைத் தீட்டிவைத்துவிட்டே உறங்கச் செல்கிறார். மழுங்கிய வாள் அதிக பலத்தைக் கேட்கும். பலம் போட்டு இழுக்கும்போது கால் வழுக்கும். நோயுற்ற மரத்தில் அறுத்த பின், அடுத்த மரத்துக்குச் செல்லுமுன் வாளைச் சாராயத் திரவத்தால் துடைப்பதும் அவர் வழக்கம்.

ஏறுவதும் இறங்குவதும்

தென்னை மரம் ஏறத் தெரிந்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் மரமேறுவது வேறு, மரத்தின்மேல் நின்று வேலை செய்வது வேறு. வேலை செய்பவருக்கு இரு கைகளும் தேவைப்படும். கை இரண்டும் வாளில் இருக்கும்போது அவரைப் பிடித்திருப்பது எது? கயிறுதான்.

முதலில் மெல்லிய எறிகயிற்றின் முனையில் சிறு எடைப்பையைக் கட்டி, உயரத்திலுள்ள பலமான கவட்டையின் வழியே எறிகிறார். அதைப் பிடித்துக்கொண்டு தடித்த ஏறுகயிறு மேலே இழுக்கப்படுகிறது. இடுப்பையும் தொடைகளையும் அணைக்கும் வார்க்கட்டு அக்கயிற்றுடன் இணைகிறது. இணைக்கும் இடத்தில் சிறு கயிறு ஒன்று பெருங்கயிற்றைச் சுற்றி முடிச்சாக நிற்கும். பாரம் விழுந்தால் அம்முடிச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். கையால் தளர்த்தினால் வழுகிக் கொடுக்கும். அதனால் வேண்டிய இடத்தில் நிற்கவும் மெல்ல இறங்கவும் முடிகிறது. வாளை எடுக்குமுன் இடுப்பிலிருந்து இன்னொரு குறுங்கயிற்றைத் தண்டைச் சுற்றி மாட்டிக்கொள்கிறார். ஒரு கயிறு தவறுதலாக அறுபட்டாலும் மற்றொன்று காக்கும். இரண்டு பிடிப்பு இல்லாமல் வாளைத் தொடுவதில்லை என்பது இத்தொழிலின் கட்டளை.

காலில் இரும்பு முள் கட்டி ஏறும் வழக்கமும் உண்டு. அது முழுமையாக வெட்டப்படவிருக்கும் மரத்திற்கு மட்டுமே. வாழவேண்டிய மரத்தில் ஒவ்வொரு முள்ளும் வளர்படலத்தைத் துளைக்கும் ஒரு காயமாகும்.

மூன்று வெட்டு

பெருங்கிளை ஒன்றை எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் என்ன நேரும்? பாதி அறுபடுவதற்குள் கிளை தன் பாரத்தால் சாயும். சாயும்போது தண்டின் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு போகும். மரத்திற்குக் கேடு, ஏறியவருக்கு ஆபத்து. இதைத் தவிர்க்க மூன்று வெட்டு வேண்டும்.

முதல் வெட்டு, தண்டிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில், கனத்தில் கால் பங்கு அளவு. இரண்டாவது வெட்டு, அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. கிளை முறிந்து விழும். கிழிசல் முதல் வெட்டோடு நின்றுவிடும். இப்போது எஞ்சியிருப்பது பாரமற்ற சிறு முண்டு. மூன்றாவது வெட்டு அம்முண்டை நீக்குவது.

மூன்றாவதை எங்கே போடுவது என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது. கிளை தண்டோடு சேருமிடத்தில், சட்டைக் கழுத்துப்பட்டைபோல் சற்றே தடித்த வளையம் ஒன்றைக் காணலாம். காயத்தை மூடும் வேலையைத் தொடங்குவது அவ்வளையமே. அது தண்டின் உடைமை. அதை வெட்டாமல், அதற்கு ஒட்டிய வெளிப்புறத்தில் வாளை வைக்கவேண்டும். தண்டோடு சமமாகச் சீவிவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் தடுப்பு போய்விடும். நீண்ட முண்டாக விட்டாலோ, அது காய்ந்து அழுகி, அழுகல் உள்ளே செல்ல வழியாகும். சரியாக அறுத்த இடத்தில், சில மாதங்களில் உளுந்து வடைபோல் வட்டமாகப் புதுப்பட்டை சூழ்ந்து வருவதைக் காணலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல நடுக்குழி சிறுத்து மூடிக்கொள்ளும்.

கீழே நிற்பவர்

மர வைத்தியர் தனியாக வேலை செய்வதில்லை. மேலே ஒருவர் இருந்தால் கீழே ஒருவராவது இருப்பார். கீழிருப்பவர் கயிற்றைப் பார்த்துக்கொள்கிறார். ஆட்களை விலக்கி நிறுத்துகிறார். மேலே உள்ளவருக்கு விபத்து நேர்ந்தால் இறக்குவதற்கும் பயின்றிருக்கிறார். கிளை விழுமுன் மேலிருந்து குரல் வரும். கீழிருந்து பதில் குரல் கிடைத்த பிறகே கடைசி வெட்டு. கூரைக்கு மேலுள்ள கிளையானால், அதைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவார்கள்.

நம் லயங்களில் நடப்பது என்ன? இளைஞர் ஒருவர் இடுப்பில் பாராங்கைச் செருகிக்கொண்டு வெறுங்காலுடன் ஏறுகிறார். கீழே பத்துப் பேர் நின்று பத்து விதமாக யோசனை கூறுகிறார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். நுனிக்கிளையில் இருந்து அடிக்கிளை வெட்டியவன் கதையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். கயிறில்லாமல் ஏறியவரின் நிலையும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. முழு மரத்தையும் சாய்க்கும்போது, வேலையில் இல்லாதவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் விலகி நிற்கவேண்டும்.

மின்கம்பி உள்ள இடத்தில் இன்னும் கடுமையான விதி உண்டு. ஈரமான கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். பயிற்சி பெறாதவர் தம் உடலோ, கருவியோ, கிளையோ கம்பிக்கு 3 மீட்டருக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர் அழுத்தக் கம்பியானால் இடைவெளி அதனினும் அதிகம். கம்பியின்மேல் மரம் சாய்ந்தால் அருகில் செல்லாமல், 999 என்னும் எண்ணுக்கோ தெனாகா நேஷனல் நிறுவனத்துக்கோ அறிவியுங்கள்.

செய்யத் தகாதவை

மரம் உயர்ந்துவிட்டது என்று அஞ்சி உச்சியை மொட்டையடிப்பது பரவலான வழக்கம். இதனால் மரம் சிறிதாவதில்லை. இலையே மரத்தின் சமையலறை. அதை இழந்த மரம் பசியால், வெட்டுவாயைச் சுற்றி ஏராளமான கொம்புகளை விரைவாக விடுகிறது. அக்கொம்புகள் ஆழத்திலிருந்து வளராமல் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை. அடியிலுள்ள பெருங்கிளை அழுகத் தொடங்கும் காலத்தில் இவை பாரமாகி நிற்கும். மொட்டையடித்த மரம் சில ஆண்டுகளில் முன்னைவிட ஆபத்தாவது இவ்வாறுதான். ஒரே தடவையில் இலைப்பகுதியில் கால் பங்குக்கு மேல் நீக்கலாகாது என்பது பொது விதி.

மரத்தடியில் குப்பையை எரிக்காதீர்கள். சூடு பட்ட பட்டைக்குள் வளர்படலம் செத்துவிடும். வேர்மேல் மண்ணையோ கல்லையோ மேடாகக் குவிக்காதீர்கள். வேருக்கும் காற்று வேண்டும். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுத் தரை போடாதீர்கள். கொடிக்கம்பியைத் தண்டில் இறுகச் சுற்றாதீர்கள். மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து இறங்கும் உணவைத் தடுக்கும். கால்வாய் தோண்டும்போது பெருவேர் அறுபட்டால் மறைக்காமல் தெரிவியுங்கள். வேர் அறுந்த மரம் அன்றே விழாது. அடுத்த பெருங்காற்றுக்காகக் காத்திருக்கும்.

நம் கடமையும் உரிமையும்

தோட்ட மக்கள் செய்யவேண்டியவை மூன்று. ஒன்று, பார்ப்பது. மாதம் ஒருமுறையும், பெருங்காற்று அடித்த மறுநாளும், உங்கள் லயத்தருகே உள்ள மரங்களை நாம் மேலே கூறிய நால்வகையிலும் பாருங்கள். விடியலில் நிரைக்குச் செல்லுமுன் தலைக்கு மேலே தொங்கும் கொம்பு உண்டா என்று விளக்கடித்துப் பார்ப்பதும் இதனுள் அடங்கும்.

இரண்டு, தெரிவிப்பது. கண்டதை வாயால் கூறுவதோடு நில்லாமல், தேதியிட்டு எழுத்தில் நிர்வாகத்திடம் கொடுங்கள். எழுதத் தயங்குவோருக்குப் பள்ளி ஆசிரியரோ சங்கத் தலைவரோ உதவலாம். ஊராட்சி மன்ற எல்லைக்குட்பட்ட இடமாயின் மன்றத்துக்கும் அறிவியுங்கள். தீபகற்ப மலேசியாவில், 1976 ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை எழுத்துமூல அனுமதியின்றி வெட்டுவதைத் தடை செய்கிறது. உடனடி ஆபத்துப் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆதலால் வெட்டுவதற்கு முன் கேட்டறிவதே நன்று.

மூன்று, ஏறாதிருப்பது. பயிற்சியும் கயிறும் கவசமும் இன்றி ஏறும்படி எவர் கூறினும் மறுக்க உங்களுக்கு இடமுண்டு. 1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் 26ஏ பிரிவு கூறுவதாவது: உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து உண்டு என்று நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்வாபத்திலிருந்தும் அவ்வேலையிலிருந்தும் விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது. தெரிவித்தும் என்ற சொல்லைக் கவனியுங்கள். எழுத்தில் கொடுங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதன் பொருட்டே.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

இரப்பர் நிரைகள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. தோட்டங்கள் பல நகரங்களாகிவிட்டன. உளி பிடிக்கக் கற்றும் உளிக்கு வேலையில்லையே என்று வருந்தும் குடும்பங்கள் உண்டு. நகரங்களிலோ சாலைதோறும் மரங்கள் முதுமையடைந்து வருகின்றன. தைப்பிங் ஏரிப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்தவர்கள், தண்ணீரைத் தொடும் அக்கிளைகளைக் காப்பது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். பட்டையை அறிந்த கையும், காட்டை அறிந்த காலும் உடையவர்களுக்கு இத்தொழில் அந்நியமானதன்று.

மலேசிய அர்போரிஸ்ட் சங்கம் இத்துறையில் பயிற்சிகளை நடத்துகிறது. பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வுக்கு அமர, மூன்றாண்டு முழுநேர வேலை அனுபவம் ஒரு தகுதியாக ஏற்கப்படுகிறது. பட்டம் இல்லாதவருக்கும் கதவு திறந்திருக்கிறது என்பதே இதன் பொருள். முதலில் கீழே நின்று கயிறு பிடிப்பவராகத் தொடங்கி, முடிச்சுகளைக் கற்று, பிறகு மேலே செல்லலாம். சொந்தமாக இத்தொழிலைச் செய்யத் தொடங்குவோர், சுயதொழில் செய்வோருக்கான 2017 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் பதிந்துகொள்ளும் முறையையும் விசாரித்தறிய வேண்டும். வயது வந்தபின் எழுத்துக் கற்ற ஜான் டேவி இத்துறைக்கு வழிகாட்டி ஆனதை மறவாதீர்கள்.

அன்பர்களே! நாளைக் காலை வேலைக்குப் புறப்படுமுன் உங்கள் வீட்டருகே நிற்கும் மரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். அடியைப் பாருங்கள், தண்டைத் தட்டுங்கள், கவட்டையைக் கவனியுங்கள், உச்சியை அண்ணாந்து நோக்குங்கள். ஐயம் தோன்றினால் தெரிவியுங்கள். பாராங்கை மட்டும் உடனே எடுக்காதீர்கள். மரமும் வாழவேண்டும், அதன் நிழலில் இருப்போரும் வாழவேண்டும்.